ஸ்டெத்தையும் விட மாட்டேன், ஆய்வையும் விட மாட்டேன் என்பவர்களுக்கு

"சார், கார்டியாலஜிதான் படிக்கணும். ஆனா ரிசர்ச்சும் பண்ணணும். எங்கே ஆரம்பிக்கிறது?" வருஷத்துக்கு மூன்று நான்கு ஹவுஸ் சர்ஜன்களாவது இப்படிக் கேட்டுக்கொண்டு எக்கோ ரூம் வாசலில் வந்து நிற்கிறார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இல்லை. நோயாளி வேறு உள்ளே படுத்திருப்பார். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் இது என்ன வேலை என்று பார்ப்போம். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டு, இதயத் துடிப்பும் தாறுமாறாகிப்போனவர்களை நம் ஓபியில் தினமும் பார்க்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்க அவர்களுக்கு அசிட்ரோமோ வார்ஃபரினோ தருகிறோம். ரத்தம் எவ்வளவு வேகத்தில் உறைகிறது என்று காட்டும் பிடி-ஐஎன்ஆர் பரிசோதனைக்கு மாதாமாதம் வரச் சொல்கிறோம். பஸ் பிடித்து வந்து, ரத்தம் கொடுத்து, சாயங்காலம் வரை ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்தபோது, இவர்களுக்கும் அதையே கொடுத்துவிடலாமே என்று பலருக்கும் தோன்றியது. ஆனால் அந்த மாத்திரைகளைச் சோதித்த பெரிய ஆய்வுகளில், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களைச் சேர்க்கவே இல்லை. பணக்கார நாடுகளில் இந்த நோய் அரிதாகிவிட்டதால் அங்கே யாருக்கும் அந்தக் கேள்வி அவசரமாகப் படவில்லை. அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த இதய மருத்துவர் ஜி. கார்த்திகேயனும் மற்ற நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 24 நாடுகளில் 4,531 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய மருந்து எடுத்தவர்களில்தான் இறப்பு குறைவு.

ஓபியில் உட்கார்ந்து மாத்திரை எழுதுகிற ஒருவருக்குத்தான் இந்தக் கேள்வி உறுத்தும். உறுத்தியதை விடாமல் பல வருஷம் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

காலண்டரை எடுத்து வைத்து எண்ணுங்கள்

எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம். பொது மருத்துவத்தில் எம்டி மூன்று, அதற்கு மேல் இதய மருத்துவத்துக்கான டிஎம் கார்டியாலஜி மூன்று. நடுவில் எம்டிக்கு நீட் பிஜி, டிஎம்முக்கு நீட் எஸ்எஸ் என்று நுழைவுத் தேர்வுகள். எய்ம்ஸ், ஜிப்மர் என்றால் ஐஎன்ஐ தேர்வுகள் தனி. அரசுப் பணி, கட்டாயச் சேவைக்கான பாண்டு என்று எதுவும் குறுக்கே வராமல், ஒவ்வொரு தேர்விலும் முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்தாலும் கையில் டிஎம் வரும்போது வயது 30-ஐத் தொட்டிருக்கும். நிஜத்தில் 32, 33.

இதில் பிஎச்டியை எங்கே நுழைப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் எம்டியையும் (அங்கே அது நம் எம்பிபிஎஸ் மாதிரி அடிப்படை மருத்துவப் பட்டம்) பிஎச்டியையும் சேர்த்தே படிக்க 1964-லிருந்து அரசு நிதியில் ஒரு திட்டம் ஓடுகிறது. நம்மிடம் அந்த அளவுக்கு அகலமான பாதை இல்லை. என் கருத்து: பிஎச்டி கட்டாயமில்லை. கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985-இல் நோபல் வாங்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் வெறும் எம்டிகள். வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பிடிக்கும் செல்களின் ஏற்பிகளுக்காக (ரிசப்டர்) 2012-இல் நோபல் வாங்கிய இதய மருத்துவர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் அப்படித்தான். ஆனால் மூவருமே படிப்புக்குப் பிறகு சில வருஷங்கள் ஒரு நல்ல ஆய்வகத்தில், ஒரு நல்ல ஆசானிடம் முழு நேரமாக உட்கார்ந்தவர்கள். பட்டத்தை விட்டாலும் அந்த வருஷங்களை விட முடியாது. டிஎம் முடித்த கையோடு இரண்டு மூன்று வருஷம் அதற்கென்று ஒதுக்க முடியுமா என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

எம்பிபிஎஸ் படிக்கும்போதே

ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-லிருந்து நடத்துகிற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. எஸ்டிஎஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாத வேலை, கொஞ்சம் உதவித்தொகை, கடைசியில் ஓர் அறிக்கை. தகுதியும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கிடைக்கிற முடிவு உலகத்தைப் புரட்டாது. கைடு ஒருவரைத் தேடிப் போய்க் கேட்பது, எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதுவது, நாள் தள்ளிப்போவது, பாதி நோயாளிகள் வராமல் போவது எல்லாம் சின்ன அளவில் ஒருமுறை பழகிவிடும். அதுதான் லாபம்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர் பெரிதா என்று பார்க்காதீர்கள். அவரிடம் முன்பு எஸ்டிஎஸ் செய்த சீனியரைப் பிடித்து, "சார் டிராஃப்டை எத்தனை நாளில் திருத்திக் கொடுப்பார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் அவர் சிரித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுமுறைப் படிப்பு ஆன்லைனில் கிடைக்கிறது. பிஜி சேர்ந்த பிறகு எல்லோரும் முடித்தாக வேண்டிய ஒன்று. அதை முன்கூட்டியே கேட்டுவிட்டால் நல்லது. கடமைக்கு ஓட்டிவிட்டு சர்டிபிகேட் வாங்குகிறவர்கள், தீசிஸ் நேரத்தில் மறுபடி முதலிலிருந்து கேட்கிறார்கள்.

கேள்வியை எங்கே தேடுவது

நூலகத்தில் தேடாதீர்கள். அங்கே போனால் அடுத்தவர் கேள்விதான் கிடைக்கும்.

இந்தியாவில் மாரடைப்பு வருபவர்கள் எப்படி, எப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று கிரியேட் என்ற பதிவேடு 89 மருத்துவமனைகளில் 20,468 பேரைக் கணக்கெடுத்தது. 2008-இல் வெளியானது. அதில் இரண்டு எண்களை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நடுமதிப்பாக 360 நிமிடம். வந்த பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட 50 நிமிடம். நாம் எல்லோரும் அந்த 50-ஐக் குறைக்கத்தான் ஓடிக்கொண்டிருந்தோம். ஆறு மணி நேரம் வெளியே கரைந்துகொண்டிருந்தது.

இந்த மாதிரி எண் கண்ணில் பட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். தமிழ்நாட்டில் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முள்ளாசரி ஆகியோர் முன்னின்று அதைத்தான் செய்தார்கள். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையைச் சுற்றிச் சின்ன மருத்துவமனைகளை இணைத்து, 108 ஆம்புலன்ஸையும் அரசு காப்பீட்டையும் சேர்த்து ஒரு வலை பின்னினார்கள். சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்புவது. நான்கு இடங்களில் 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-இல் வெளியான இந்த ஆய்வில் புது மருந்து ஒன்றுகூட இல்லை.

உங்கள் கேள்விக்கும் இப்படி ஒரு சோதனை வையுங்கள். யாரிடம் பார்க்கப் போகிறேன், எதோடு எதை ஒப்பிடுகிறேன், எதை அளக்கிறேன், மாதம் எத்தனை பேர் கிடைப்பார்கள்? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான தீசிஸ்கள் சாகின்றன. "எங்க ஓபியில நிறைய வருவாங்க சார்" என்பார்கள். ஓபி ரிஜிஸ்டரை எடுத்து மூன்று மாதத்துக்கு எண்ணிப் பாருங்கள். வரும் எண்ணைப் பாதியாக்குங்கள். சம்மதிக்காதவர்கள், வேறு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

கூட்டம் இல்லாத இடம் எது என்று கேட்டால், கால் ரத்தக்குழாய்கள் என்பேன். இதயத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சர்க்கரை நோயில் கால் குழாய் அடைத்து, விரல் கறுத்து வருகிறவரைப் பற்றி எழுத ஆள் குறைவு. பெருநாடியும் அதன் கிளைகளும் வீங்கிச் சுருங்கும் தகயாசு நோயும் அப்படித்தான். இளம்பெண்கள், கையில் நாடி கிடைக்காது. இந்த நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் ஐடாஸ் (இந்தியன் தகயாசு ஆக்டிவிட்டி ஸ்கோர்) என்ற முறை இந்திய மருத்துவர்களின் முன்முயற்சியில் உருவானது. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. நோயாளி எங்கே அதிகமோ, அளவுகோலும் அங்கேதான் பிறக்க வேண்டும்.

அளப்பதில்தான் எல்லாம்

என் எம்டி தீசிஸ் இதே கால் குழாய்தான். சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு அடைப்பு இருக்கிறது என்று பார்ப்பது. கருவி மிகச் சாதாரணம்: ஒரு பிபி கஃப், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர், கொஞ்சம் ஜெல்.

நோயாளியை ஐந்து பத்து நிமிடம் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். வந்தவுடன் அளந்தால் தப்பு. இரண்டு கையிலும் மேல் அழுத்தம் எடுத்து, எது அதிகமோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கணுக்காலுக்கு மேலே கஃப். பாதத்தின் மேல்பக்கம் ஒரு நாடி, உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு நாடி. ஜெல் தடவி, டாப்ளர் நுனியைச் சாய்த்து வைத்து, 'உஷ்... உஷ்...' சத்தம் வரும் இடத்தில் கையை அசைக்காமல் பிடிக்க வேண்டும். கஃபை ஏற்றினால் சத்தம் நிற்கும். மெல்ல இறக்கினால் எந்த எண்ணில் திரும்ப வருகிறதோ அதுதான் அழுத்தம். கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு. எவ்வளவு எளிது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் அளந்தேன். சிலருக்கு 1.5, 1.6 என்று வந்தது. 0.90-க்கு மேலேதானே, நார்மல் என்று எழுதிக்கொண்டே போனேன். ஒருநாள் ஒரு வயதான பேராசிரியர் என் தாளைப் புரட்டிவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார். "இவருக்குக் கால்ல புண்ணு இருக்குன்னு எழுதியிருக்கே. அழுத்தம் கையைவிட ஒண்ணரை மடங்கா? குழாய் சுண்ணாம்பா இறுகிப்போயிருக்குப்பா. உன் கஃப் அதை நசுக்கவே முடியல." 1.40-க்கு மேல் வந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. கால் கட்டைவிரலில் அளக்க வேண்டும். இப்படிக் குழாய் இறுகுவது சர்க்கரை நோயாளிகளில்தான் அதிகம். அதாவது நோய் மிக முற்றியவர்களைத்தான் நான் 'நோய் இல்லை' பத்தியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களில் பாதிப் பேரைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை. தீசிஸ் பாஸானது, அது வேறு விஷயம். ஆனால் அதை நான் எங்கும் பிரசுரிக்கவில்லை.

அதனால் என் மாணவர்களிடம் ஆய்வு தொடங்கும் முன் 20 பேரை இரண்டு முறை அளக்கச் சொல்கிறேன், ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாக. இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

சம்மதப் படிவமும் போன் நம்பரும்

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடத் தொடக் கூடாது. மருந்தோ சிகிச்சையோ சோதிக்கும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து தொடங்கிவிட்ட ஆய்வுகளை அங்கே ஏற்பதில்லை. "அப்புறம் பதிஞ்சுக்கலாம்" என்பவர்கள் ஆய்வை முடித்துவிட்டு, நல்ல இதழ் எதுவும் வாங்காமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சம்மதப் படிவத்தின் தமிழை நீங்களே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் 'புறத்தமனி நோய்' என்று வரும். நோயாளிக்கு அது புரியாது. அவர் 'கால் நரம்புல அடைப்பு' என்பார். நம்மூரில் ரத்தக்குழாயும் நரம்பும் பேச்சில் ஒன்றுதான். 'ரத்தக்குழாய்' என்று எழுதி, வாயால் விளக்கும்போது "நீங்க நரம்புன்னு சொல்றீங்களே, அதுல ரத்தம் ஓடுற குழாய்" என்று சேர்த்துச் சொன்னால் போதும். படித்துக் காட்டிய பிறகு, "நான் என்ன செய்யப் போறேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் கையெழுத்து வாங்காதீர்கள்.

போன் நம்பர் மூன்று வேண்டும். அவருடையது, வீட்டில் இன்னொருவருடையது, தெருவில் ஒருவருடையது. ஒரு வருஷம் கழித்து அழைத்தால் முதல் நம்பர் உபயோகத்தில் இருக்காது. இரண்டாவதை மருமகன் எடுத்து "ராங் நம்பர்" என்பார். மூன்றாவதாக டீக்கடைக்காரர்தான் "அந்தம்மா பொண்ணு வீட்டுக்கு ஓசூர் போயிருக்காங்க" என்று சரியான தகவல் தருவார். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று தெரியாத ஆய்வு பாதி ஆய்வுதான். அதோடு, இறந்தவர்கள்தான் போனை எடுக்க மாட்டார்கள். கிடைத்தவர்களை மட்டும் வைத்து எழுதினால் உங்கள் சிகிச்சை அற்புதமாகத் தெரியும்.

கணக்கு தெரிந்தவரை முதல் நாளே பிடியுங்கள்

எல்லாம் முடிந்த பிறகு எக்செல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு புள்ளியியல் நிபுணரிடம் ஓடுவது நம் வழக்கம். அப்போது அவரால் பிரேதப் பரிசோதனைதான் செய்ய முடியும்.

கேரளாவில் 63 மருத்துவமனைகளில், 21,374 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஏசிஎஸ் குயிக் ஆய்வைப் படியுங்கள். சரிபார்ப்புப் பட்டியல், பயிற்சி என்று தரத்தை உயர்த்தும் ஒரு தொகுப்பைக் கொடுத்தால் நோயாளிகள் பிழைப்பார்களா என்பது கேள்வி. மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் வந்தன. தொகுப்புக்கு முன் 30 நாளில் பெரிய பாதிப்பு வந்தவர்கள் 6.4 சதவீதம், பின் 5.3. வெற்றி என்று அறிவித்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் தொகுப்பு இல்லாமலேயே எல்லா இடத்திலும் சிகிச்சை மேம்பட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் கரைந்துவிட்டது. அதை அப்படியே 2018-இல் எழுதினார்கள். 'முன், பின்' என்று வருகிற எந்த முடிவையும் படிக்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

ஆய்வகமா, வார்டா?

இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வகம் என்றாலும் தொடக்கம் வார்டில்தான் இருக்கும். கோல்ட்ஸ்டீனுக்கும் பிரவுனுக்கும் கேள்வியைக் கொடுத்தவர்கள், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் எகிறி, சிறு வயதிலேயே மாரடைப்பு வந்த குழந்தைகள். அவர்களின் தோலிலிருந்து செல்களை எடுத்து வளர்த்துப் பார்த்தபோதுதான், கெட்ட கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் ஏற்பியே அவற்றில் இல்லை என்று தெரிந்தது.

கருவி செய்வதில் ஆர்வம் இருந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தைப் பாருங்கள். இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் அங்கே பொறியாளர்களோடு உட்கார்ந்து செயற்கை வால்வு செய்தார். முதலில் செய்த மாதிரிகள் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் ஒரு மனிதருக்குள் போனது. அறுவை மேசையில் நிற்பவருக்கும் உலோகத்தை வார்ப்பவருக்கும் ஒரே கூரை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் எனக்குத் தெரியாது.

பணம், நேரம், வீடு

பணத்துக்கு வழி இருக்கிறது. தீசிஸுக்கு ஐசிஎம்ஆர் உதவி தருகிறது. டிஎம்முக்குப் பிறகு பெரிய அளவில் யோசித்தால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டிபிடி) பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய டிபிடி-வெல்கம் இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே ஃபெல்லோஷிப் வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் அவர்கள் முதலில் பார்ப்பது, இந்தக் கேள்வியை நீங்கள் எத்தனை காலமாகத் துரத்துகிறீர்கள் என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிடைக்காதது நேரம். கார்டியாலஜியில் ராத்திரி இரண்டு மணிக்கு கேத் லேப் அழைக்கும். மறுநாள் காலை எழுத உட்கார்ந்தால் எழுத்து ஓடாது. வேலையில் சேரும்போதே வாரத்தில் ஒன்றரை நாள் ஓபியும் கேத்தும் இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் தலையாட்டுவார்கள், கொடுக்க மாட்டார்கள். என்னிடம் தலையாட்டியே நான்கு வருஷம் போனது.

வீட்டுப் பேச்சும் வரும். கூடப் படித்தவர் சொந்த ஆஸ்பத்திரி கட்டிக் கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போன அன்று சித்தப்பா கேட்பார், "டிஎம் முடிச்சும் இன்னும் படிச்சுக்கிட்டேவா இருக்கே?" என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. சாயங்கால பிராக்டிஸை வாரத்தில் இரண்டு நாள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மூன்றாகும்போது ஆய்வு நின்றுவிடும். இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் எதுவும் வேலை செய்யாது. லெஃப்கோவிட்ஸே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தன் முதல் வருஷம் முழுக்கத் தோல்விதான் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில் ஒரு காசு வாங்கும் ஜர்னலிலிருந்து "உங்கள் மேன்மையான கட்டுரையை அனுப்புங்கள்" என்று மெயில் வரும். அழித்துவிடுங்கள். அப்புறம், கட்டுரையில் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி மெயிலில் போட்டுவிடுங்கள். நட்பு கெடாமல் இருக்கும்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்?

உங்கள் ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஓபி எந்தக் கிழமை என்று பாருங்கள். யூனிட் சீஃபிடம் அனுமதி கேட்டு ஒரு டாப்ளரோடு போய், சார் பார்க்கச் சொல்கிற பத்துப் பேரின் காலை அளந்து பழகுங்கள். எல்லோரையும் முதலில் பத்து நிமிடம் படுக்க வையுங்கள். 1.40-க்கு மேல் யாருக்காவது வந்தால் உடனே சீஃபைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஜெல் தீர்ந்துவிட்டால் எக்கோ ரூமில் சிஸ்டரிடம் கேளுங்கள், கொடுப்பார்.